கேள்விக்கு முன்னால் சூப்

இரண்டாவது வீட்டிலும் சூப் வந்தது. மாரிட்சா கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். கினிப்பன்றிக் கறித்துண்டு ஒன்று மிதந்தது.

"சாப்பிடுங்க இஞ்சினியரம்மா. கேள்வியெல்லாம் அப்புறம்," என்றாள் வீட்டுக்காரி எதுவிஹெஸ்.

மாரிட்சா இஞ்சினியர் அல்ல. மழை பொய்த்தால் மலையூர்க்காரர்களின் சாப்பாடு என்னவாகிறது என்று ஆராயும் பொருளாதார ஆய்வாளர். ஆனால் குஸ்கோ நகரத்திலிருந்து பேனாவோடு யார் வந்தாலும் இந்த ஊருக்கு இஞ்சினியர்தான். வழிகாட்ட வந்த ஊர்த்தலைவர் நிக்கானோர் வாசலோடு நின்றுகொண்டார்.

"போன மாசம் எந்த வேளையாவது சாப்பாட்டைக் குறைச்சீங்களாம்மா?"

"எதுக்குக் குறைக்கணும்? உங்க கிண்ணந்தான் குறையவே மாட்டேங்குது!"

'குறைக்கவில்லை' என்று எழுதும்போது மாரிட்சாவுக்குக் கை வரவில்லை. வரும் வழியெல்லாம் உருளைக்கிழங்கு வயல்கள் கருகிக் கிடந்தன. ஊரில் பஞ்சம் என்று அவள் அறிக்கை சொன்னால்தான் அடுத்த நடவுக்கு விதைக்கிழங்கு வரும். அதை இவர்களிடம் சொல்லவும் முடியாது. சொன்னால் பதில் மாறிவிடும் என்று ஆய்வை நடத்தும் பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

மூன்றாவது வீட்டில், "வயிறு நிறைஞ்சிருக்கும்மா," என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"அவ வீட்டுச் சூப்பு இனிச்சுது, எங்க வீட்டுது கசக்குதாக்கும்?"

சாப்பிட்டாள்.

நான்காவது வீட்டில் வயிற்றுவலி என்று பொய் சொன்னாள். உடனே மூலிகைக் கஷாயம் வந்தது. பின்னாலேயே சூப்பும் வந்தது.

"மருந்து குடிச்சிட்டு வெறும் வயித்தோட இருக்கக் கூடாது, தெரியாதா? படிச்ச பொண்ணு!"

வெளியே வந்து பாறைமேல் ஏறி, சிக்னல் பிடித்துப் பேராசிரியரைக் கூப்பிட்டாள்.

"எல்லா வீட்லயும் கறி சூப்பா?" என்று அவர் வியந்தார். "அப்ப ஊர் செழிப்பா இருக்குன்னு எழுதிடு. விதைக்கிழங்கை வேற ஊருக்கு அனுப்பச் சொல்லிடலாம்."

மாரிட்சாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஜனங்களின் தலையில் தன் கையாலேயே மண்ணைப் போடப்போகிறோம் என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரே வழிதான் மிச்சம். சொல்லாமல் கொள்ளாமல், அடுப்புப் பற்றவைக்கும் முன் கடைசி வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். பாதையை விட்டுச் சரிவில் இறங்கி, ஏப்பம் விட்டபடியே ஓட ஆரம்பித்தாள்.

"இஞ்சினியரம்மா! அங்க இப்போ வேணாம்!" நிக்கானோர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்து வழியை மறித்தார்.

"ஏன் வேணாம்? அங்கயும் சூப்பு தானே குடுப்பாங்க?"

"சூப்பு தாம்மா." அவருக்கு மூச்சு வாங்கியது. "கொஞ்சம் மெதுவாப் போங்க. உங்களுக்கு முன்னாடி சூப்புச் சட்டி அங்க போய்ச் சேரணுமில்ல? ஊருக்கே இருக்கிறது அந்த ஒண்ணுதான்!"