இரண்டே இரண்டு ஓட்டு

இந்த நகரத்தையே மாற்றி அமைக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் மனைவி ஹில்கா உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். முதலில் குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வாருங்கள், நகரத்தை அப்புறம் பார்க்கலாம் என்றாள். போட்டுவிட்டு வந்தேன். நனைந்துவிட்டேன். பின்லாந்தில் செப்டம்பர் மழையை யாரும் மழை என்று சொல்வதில்லை. நின்றால்தான் செய்தி.

என் பெயர் என்சியோ. முப்பத்தொரு வருஷம் கப்பல் கட்டும் தளத்தில் குழாய்களுக்கு வரைபடம் போட்டவன். ஓய்வு பெற்றும் கை ஓயவில்லை. பென்சில் அகப்பட்டால் போதும், எதையாவது வரைந்துவிடும். குழாய் போய் இப்போது பெஞ்சு வந்திருக்கிறது. மின்சார பில்லின் ஓரத்தில் பெஞ்சு. நாள்காட்டியில் பெஞ்சு. கட்டடத்துக்குப் பொதுவான நீராவிக் குளியலறைக்கு, அதுதான் சவுனாவுக்கு, முறை எழுதும் தாளில், எங்கள் பெயருக்குப் பக்கத்தில், சாய்மானம் வைத்த பெஞ்சு. என் கனவில் சந்தைத் திடலில் கார்களே கிடையாது. வரிசையாக மரங்கள், மரத்துக்கு ஒரு பெஞ்சு. நிஜத்திலோ எங்கள் தெருவில் எண்பது கார் நிறுத்தலாம், ஒரு மனிதன் உட்கார முடியாது.

சிரிக்காதீர்கள். என் நண்பன் ஆர்வோவும் நானும் தினமும் சாயங்காலம் நடப்போம். அவனுக்கு முழங்கால் வலி. உட்கார இடம் இல்லாததால் தெருமுனையில் நின்றே பேசினோம். நின்று பேசுகிறவர்கள் அதிகம் பேச முடியாது. போன மார்ச்சில் அவன் போய்விட்டான். சொல்லாமல் விட்டது நிறைய இருந்தது, இரண்டு பக்கமும். அதிலிருந்து அந்த முனை வந்தால் நான் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறேன். அங்கே ஒரு பெஞ்சு போட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று முடிவு செய்தேன்.

பெஞ்சு வேண்டும் என்றால் நகர மன்றத்துக்குள் போக வேண்டும். வேட்பாளர் பட்டியலை நிரப்ப ஆள் கிடைக்காமல் ஒரு சின்னக் கட்சி தவித்துக்கொண்டிருந்தது. கொள்கை உண்டா என்று கேட்டார்கள். பெஞ்சு என்றேன். உயிரோடு இருக்கிறீர்களே, அது போதும் என்று 217 என்ற வேட்பாளர் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

ஹில்காவுக்கு அதில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை. அவள் கவலை எல்லாம் தரைவிரிப்பு. எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை காலையில்தான் விரிப்பு அடிக்கலாம். விரிப்பைத் தொங்கவிட்டுத் தூசி போகப் பிரம்பால் அடிக்க, முற்றத்தில் அதற்கென்றே ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான். தேர்தல் வேலை என்று சொல்லி நான் மூன்று முறை டிமிக்கி கொடுத்துவிட்டேன்.

"உங்களுக்கு எத்தனை ஓட்டு விழும்?" என்றாள்.

சவுனாவில் மூன்று பேர் சத்தியம் செய்திருந்தார்கள். ஆனால் சவுனாச் சத்தியம் வேர்வையோடு போய்விடும். அதை நம்பாமல் நன்றாகக் கணக்குப் போட்டேன். என் ஓட்டு ஒன்று. எனக்குப் போடுவதாக ஹில்காவே வாக்குக் கொடுத்திருந்தாள், அது ஒன்று. கொடுத்த வாக்கை அவள் மீறியதே கிடையாது. ஆகவே பந்தயம் கட்டினேன். இரண்டே இரண்டு ஓட்டு விழுந்தால் போதும், ஆயுசுக்கும் விரிப்பு அவள் பொறுப்பு. குறைந்தால் ஆயுசுக்கும் நான், பெஞ்சைப் பற்றி வாயும் திறக்கக் கூடாது. தோற்கவே முடியாத பந்தயம். அவள் ஒரு விநாடி என்னைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். பாவம், மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

குளிர்காலத்துக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிய அக்டோபர் ஞாயிற்றுக்கிழமைதான் தேர்தல். நாலரைக்கே விளக்குப் போட்டாயிற்று. வழியெல்லாம் ஹில்காவுக்குப் பாடம் எடுத்தேன். சீட்டில் எண்ணை மட்டும் எழுதணும், வேறே ஒரு கோடு விழுந்தாலும் செல்லாது, ஜாக்கிரதை என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். அவள் உள்ளே போய் உடனே வந்துவிட்டாள். நான் நிதானமாகப் போட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை பேப்பரில் கடைசி வரிக்கு ஒரு வரி முன்னால் என் பெயர் இருந்தது. ஒரு ஓட்டு.

முப்பத்தாறு வருஷக் குடித்தனம். ஒரு விரிப்புக்காக என்னைக் கவிழ்த்துவிட்டாள். ஆர்வோ இருந்திருந்தால் எனக்குப் போட்டிருப்பான் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் நாலு நாள் பேசாமல் இருப்பது கோபம் என்று யாருக்கும் தோன்றாது. ஐந்தாம் நாள் காபி நேரத்தில் நானே உடைத்தேன்.

"ஒரு ஓட்டு. அது என்னோடது. நீ யாருக்குப் போட்டே?"

"உங்களுக்குத்தான். சொன்னேனே."

"அப்ப என் ஓட்டு எங்கே போச்சு?"

"அதை நீங்கதான் சொல்லணும். உள்ளே போய் என்ன பண்ணினீங்க?"

"நம்பர் எழுதினேன். ஒண்ணு ஒண்ணு மாதிரி, ஏழு ஏழு மாதிரி."

"அதுக்கா ஏழு நிமிஷம்? வரிசையில நின்னவங்க எல்லாம் என்னைப் பார்த்தாங்க."

"கொஞ்சம் யோசிச்சேன்."

"என்னன்னு?"

"ஜெயிச்சா தெருமுனையில பெஞ்சு எந்தப் பக்கம் பார்த்து இருக்கணும்னு."

"கையில பென்சிலோட."

காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன். சாய்மானம். நாலு கால். கைப்பிடிகூட வைத்தேன். 217க்குப் பக்கத்தில் அழகாக நிழல்கூடப் போட்டேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் படம் வரைந்து போட்டுக்கொண்டேன்.

"இது நடக்கும்னு தெரிஞ்சுதான் பந்தயத்துக்குச் சரின்னியா?"

"முப்பத்தாறு வருஷமா உங்க கையைப் பார்க்கிறேன். ஓட்டுச் சாவடியில பேனாவா வெச்சிருப்பாங்க?"

அப்படியானால் எனக்கு ஏன் போட்டாய் என்று கேட்டேன். அவள் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போட்டாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"ஆர்வோ நல்ல மனுஷன். அவருக்கு முழங்கால் வலி."

நான் எழுந்துபோய் அவள் கழுவிய கோப்பைகளைத் துடைத்து வைத்தேன். சொன்னபடி பெஞ்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. குளிர்காலம் முழுக்க இருட்டில் விரிப்பு அடித்தேன்.

வசந்தத்தில் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. நான் போகவில்லை, தோற்ற வேட்பாளன் என்று பார்ப்பார்களே. ஹில்கா போனாள். மின்சார பில்லின் ஓரத்தை வெட்டி எடுத்துக் காட்டினாளாம். நகரத்திடம் நான் ஓட்டுக் கேட்டு அலைந்த காரியம் அவளுக்கு மூன்று நிமிஷத்தில் முடிந்தது. மே மாதம் பெஞ்சு வந்துவிட்டது. சாய்மானம், கைப்பிடி, எல்லாம் நான் வரைந்த மாதிரியே.

தெருமுனை நகரத்துக்குச் சொந்தம். ஆகவே முற்றத்தில் போட்டார்கள், விரிப்புக் கம்பிக்கு நேர் எதிரே. சனிக்கிழமை காலையில் ஹில்கா காபியோடு அதில் உட்காருகிறாள். நான் கையில் பிரம்போடு நிற்கிறேன். இடது மூலையில் இன்னும் தூசி இருக்காம்.