இரண்டு கட்டத்திலும் நானே

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அக்காள் கணவன் எழுதுவது.

அங்கே நீங்களும் தங்கச்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அக்கா சுகம். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் மூன்று வாரமாக அவள் என்னோடு பேசும் பேச்சு "சாப்பாடு மேஜைல இருக்கு" என்பதோடு முடிந்துவிடுவதால், என் சுகத்தை விசாரிக்க ஆளில்லை. இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். இருபத்து மூன்று நாளாக உங்கள் போனுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன். மணி போகிறது, நீங்கள் எடுப்பதில்லை. தங்கச்சிக்கு அடித்தால், "அவர் போன்ல பேசற நிலைமைல இல்லண்ணா" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். அவ்வளவு கோபம் உங்களுக்கு. கோபம் நியாயம்தான். அதனால் நம் ஆபீஸ் லெட்டர்பேடையே எடுத்து, நடந்ததை ஆதியோடந்தமாக எழுதி, என் தப்பு எது என்று நானே காட்டிக் கொடுக்கிறேன். திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள் மாப்பிள்ளை.

எல்லாம் அந்த ஒரு போனில்தான் ஆரம்பித்தது. பழைய வீடு ஒன்றை வாங்கப் போகிற யாரோ ஒருவர், "உங்க வெப்சைட் என்ன சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஓ" என்று சொல்லி வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு மேஜை போட்டு, ஊரில் உள்ளவர்களின் வீட்டைப் பரிசோதித்து, இது வாங்கலாம், இது வேண்டாம், இந்த விரிசல் சும்மா, அந்த விரிசல் ஆபத்து என்று ஆலோசனை சொல்லி வருகிறோம். நீங்கள் சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பீர்கள்; பூச்சு எங்கே பிடிப்பு விட்டிருக்கிறது, செங்கல் எங்கே இற்றுப் போயிருக்கிறது என்று சொல்வீர்கள்; நான் அதை அறிக்கையாக எழுதுவேன். இவ்வளவு பெரிய வரலாறு ஒரே ஒரு "ஓ"வில் அடிபட்டுப் போனதை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாளே வெப்சைட்காரரை வரவழைத்தேன்.

அவர் பாவம், நல்ல மனிதர். "நாலு பக்கம் போதும் சார், ரெண்டு வாரத்துல முடிச்சுடலாம்" என்றுதான் சொன்னார். நான்தான் விடவில்லை. அஸ்திவாரம் பார்க்காமல் எதையும் எழுப்பக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நாமே அவசரப்படலாமா என்று, 'இணையதளம் அமைப்பது குறித்த முன்னாய்வு அறிக்கை' என்று நாற்பத்தொரு பக்கம் எழுதினேன். வழக்கமான அறிக்கை ஒன்றின் மேலேயே திருத்தி எழுதியதால், ஒன்பதாம் பக்கத்தில் 'கழிவுநீர்ப் போக்கு திருப்திகரமாக இல்லை' என்ற வரி அப்படியே நின்றுவிட்டது. வெப்சைட்காரர் அதை மூன்று நாள் யோசித்துவிட்டு வந்து, "சார், இது எந்தப் பக்கத்துல வரணும்?" என்று பவ்வியமாகக் கேட்டார். நான் அசடு வழிந்தேன். நீங்கள் அவருக்கு மறுபக்கம் உட்கார்ந்து "ம்" என்றீர்கள்.

அந்த "ம்" பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏழு மாதத்தில் பதினான்கு தடவை கூடிப் பேசினோம். ஒவ்வொரு தடவையும் நீங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெப்சைட்காரரின் மறுபக்கம் போய் உட்கார்ந்தீர்கள். எனக்குப் பக்கத்தில் உட்காரவும் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். நீல நிறமா, பச்சை நிறமா என்று அவர் கேட்டால் "ம்". போன் நம்பர் மேலேயா, கீழேயா என்றால் "ம்". எல்லாம் என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டீர்கள் என்று எனக்கு உள்ளூர ஒரே குஷி. இப்போது நினைத்தால், அது சம்மதம் இல்லை, சலிப்பு என்று தெரிகிறது.

பிறகு அவர் ஒரு படிவம் கொடுத்தார். முதல் கேள்வி, உங்கள் நிறுவனத்தை ஒரே வரியில் சொல்லுங்கள். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய வரி இது: 'பார்வைக்குப் புலப்பட்ட பகுதிகளின் அடிப்படையில், எங்கள் ஆலோசனை பொதுவாகத் திருப்திகரமானது எனத் தெரிகிறது, எனினும் மறைவான பகுதிகள் பரிசோதிக்கப்படவில்லை.' வெப்சைட்காரர் தலையைச் சொறிந்தார். "இதைப் படிச்சுட்டு யாராவது போன் பண்ணுவாங்களா சார்?" என்றார். நான் என்ன செய்வேன் மாப்பிள்ளை, இருபத்திரண்டு வருஷமாக எந்த வாக்கியத்தையும் 'எனத் தெரிகிறது' இல்லாமல் முடித்ததில்லை. நாளைக்கு வழக்கு வந்தால் தப்பிக்க வேண்டுமே என்று எழுதி எழுதிக் கை அப்படியே படிந்துவிட்டது.

அடுத்தது வாடிக்கையாளர் கருத்துகள். நாம் பாதிப் பேருக்கு 'இந்த வீடு வேண்டாம்' என்றல்லவா சொல்லியிருக்கிறோம்? ஆசைப்பட்ட வீட்டை விட்டவர்கள் எங்கே வாழ்த்தப் போகிறார்கள்? எட்டுப் பேருக்கு எழுதியதில் ஒருவர்தான் பதில் போட்டார். 'நீங்கள் வேண்டாம் என்ற வீட்டை என் சகலை வாங்கினான். பதினொரு வருஷமாக அங்கேதான் இருக்கிறான். வீடு நன்றாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். அதைப் போட வேண்டாம் என்று நானும் வெப்சைட்காரரும் ஒருமனதாக முடிவு செய்தோம்.

அதோடு விட்டதா? படம் வேண்டும் என்றார். நம்மிடம் உள்ள படம் எல்லாம் விரிசல், ஈரக் கறை, உப்புப் பூத்த சுவர், துருப்பிடித்த கம்பி. அறுபது படம் கொடுத்தேன். அவரும் வரிசையாக அழகாக அடுக்கி, மேலே 'எங்கள் பணிகள்' என்று தலைப்பும் போட்டுவிட்டார். வெளியிட்ட நாலாம் நாள் ஓர் அம்மாள் போன் செய்து, "இதெல்லாம் நீங்க கட்டினதா?" என்று கேட்டார். இல்லைம்மா, நாங்கள் பார்த்தது என்றேன். "பார்த்துமா இப்படி இருக்கு?" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாததை இனி எழுதுகிறேன். 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் இரண்டு கட்டம் இருந்தது, உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவர் கேமராவோடு வந்த அன்று நீங்கள் யார் வீட்டு மாடியிலோ நின்றிருந்தீர்கள். இன்னொரு நாள் வரவா என்று அவர் கேட்டார். நான், "அவர் வெளிவேலை பார்க்கறவர், அப்புறம் சேர்த்துக்கலாம்" என்றேன். ஒரு கட்டம் காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று, நேராகப் பார்க்கும் என் படத்தை ஒன்றிலும், ஜன்னலைப் பார்க்கும் என் படத்தை இன்னொன்றிலும் போட்டார். எனக்கு ஜன்னலைப் பார்க்கிற படம் ரொம்பப் பிடித்துப் போனது. சரி என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆபீஸ் போனை எடுத்தால் எல்லோரும் உங்களைத்தான், "காதுக்காரர் இருக்காரா?" என்று கேட்பார்கள். நான் அவர் பார்ட்னர்தான், சொல்லுங்கள் என்பேன். "பரவால்ல, அவர் வந்ததும் பேசறேன்" என்பார்கள். இருபத்திரண்டு வருஷம், மாப்பிள்ளை. என் அறிக்கையை எவன் படித்தான்? கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "காதுக்காரர் என்ன சொன்னார், வாங்கலாமா?" என்றுதான் கேட்டான். எனக்கு வயிற்றெரிச்சல். வெப்சைட்டிலாவது நான் முதலில் நிற்கலாம் என்று பார்த்தேன். முதலில் மட்டும் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, இரண்டாவதாகவும் நானே நின்றுவிட்டேன்.

அப்புறம்தான் அந்தக் கேட் விவகாரம். நீங்கள் பரிசோதனைக்குப் போன வீட்டுக்காரர் கேட்டைத் திறக்காமல், தன் செல்போனில் நம் வெப்சைட்டைப் பார்த்தபடி, "இதுல ரெண்டு படம் இருக்கு, ரெண்டும் ஒரே ஆள். நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார். பிற்பாடு நான் விசாரித்தபோது அவரே சொன்னார். "என்ன கேட்டாலும் பதிலே சொல்லல சார், சிரிச்சுட்டே நின்னார். சந்தேகமாப் போச்சு" என்றார். சிரித்துக்கொண்டு நின்றீர்களாம். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. அங்கிருந்து நேராக ஆபீசுக்கு வந்தீர்கள். ஆபீஸ் சாவியையும் சுத்தியலையும் என் மேஜைமேல் வைத்தீர்கள். "அத்தான், இனிமே நான் சுவர் பார்க்க வரல. நம்மள நம்பிக் கூப்பிடறவங்களுக்கு அது நியாயமில்ல" என்றீர்கள். நான் பாவி, "ஏன், வேலை அதிகமா?" என்று கேட்டேன். அந்த மாதம் நீங்கள் ஒவ்வொரு சுவரையும் மூன்று மூன்று தடவை தட்டி, உள்ளங்கையை வேறு வைத்துப் பார்த்து, அறிக்கையைத் தாமதப்படுத்துகிறீர்கள் என்று எனக்குக் கடுப்பு. அதைக் குத்திக்காட்டித்தான் கேட்டேன். பதில் சொல்லாமல் படி இறங்கிப் போய்விட்டீர்கள்.

இப்போது என்ன செய்திருக்கிறேன் என்றால், ஜன்னலைப் பார்க்கும் என்னைத் தூக்கியெறிந்துவிட்டேன். முதல் கட்டத்தில் உங்கள் படம். பழைய கோப்புகளைத் துழாவியதில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறீர்கள், பக்கவாட்டில்தான் முகம் தெரிகிறது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் நானே ஒரு வரி எழுதினேன்: 'இந்த நிறுவனத்தின் காது இவர். இவர் கேட்டுச் சொன்னதைத்தான் நான் எழுதினேன்.' எனத் தெரிகிறது என்று முடிக்கவில்லை, கவனித்தீர்களா? என் வாழ்நாளில் சந்தேகமே இல்லாமல் எழுதிய வரி அது ஒன்றுதான். பார்த்துவிட்டு மனசு இறங்கி வாருங்கள். மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறேன். நீங்கள் வராத ஆபீசில் மின்விசிறி சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், வெப்சைட் எதுவும் தொடங்காமல் இருக்கட்டும். உங்களுக்கு என் மன்னிப்புக் கோரிக்கை, எந்த நிபந்தனையும் இல்லாமல்.

இப்படிக்கு,
ஒரு கட்டத்தோடு திருப்தியடைந்துவிட்ட,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: முகவரி சரிதானா என்று பார்க்க இதை உங்கள் அக்காவிடம் கொடுத்தேன். அவள் முகவரியோடு நிற்காமல் முழுவதையும் படித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து மறுபடியும் படித்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக நீளமாகப் பேசினாள்.

"தம்பி உங்க வெப்சைட்டைப் பார்த்ததே இல்லைங்க. அந்த வீட்டுக்காரர் கேட்ல நின்னு பேசினது அவனுக்குப் பாதி காதுல விழவே இல்ல. ஒரு வருஷமா இடது காது சுத்தமாக் கேக்கல. இப்போ வலதும் குறைஞ்சுக்கிட்டே வருது. அன்னைக்குக் காலைல வேற ஒரு வீட்ல மூணு தடவை தட்டியும் ஒண்ணும் தெரியலையாம். தப்பாச் சொல்லி யார் தலைலயாவது சுவர் விழுந்துடுமோன்னு பயந்துதான் சாவியை வெச்சுட்டுப் போனான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். எதிர்லயே உட்கார்ந்திருக்கீங்க, நீங்களாக் கண்டுபிடிப்பீங்கன்னு நானும் பார்த்துட்டே இருந்தேன்."

ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு எதுவும் செல்லாது. அது நீங்கள் பார்க்காத வெப்சைட்டுக்கும் படாத கோபத்துக்கும் கேட்டது. நாற்காலி மாற்றியது, "ம்" சொன்னது, மூன்று தடவை தட்டியது, சிரித்துக்கொண்டு நின்றது, போன் எடுக்காதது என்று எல்லாவற்றையும் என் கையாலேயே வரிசையாக எழுதியிருக்கிறேன். எழுதும்போதுகூட எனக்குப் புரியவில்லை. ஊரார் வீட்டு விரிசலையெல்லாம் அளவெடுத்து எழுதியவன், எதிர் மேஜையில் இருந்த உங்களைப் பார்க்கவில்லை. கேட்க வேண்டிய மன்னிப்பு அதுதான். அதை லெட்டர்பேடில் கேட்க மாட்டேன்.

அந்தக் கொட்டை எழுத்து வரியை எடுக்கச் சொல்லிவிட்டேன். "ஏன் சார், அது ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு" என்றார் வெப்சைட்காரர். இப்போது அந்தப் பக்கத்தில் இரண்டு கட்டம், இரண்டு பேர், வேறு ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நானும் அக்காவும் வருகிறோம். சாவியைக் கொண்டுவருகிறேன். காது டாக்டர், அடுத்த வேலை எல்லாவற்றையும் அப்புறம் எழுதிக் காட்டிப் பேசிக்கொள்ளலாம். எழுதுவதுதானே என் வேலை. காலிங் பெல் அடிக்க மாட்டேன். வாசலைப் பார்த்த மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருங்கள்.