அந்தம்மா சுத்துது

ஒவ்வொரு வருஷமும் பயிற்சிக்கு வரும் புது டாக்டர்களுக்கு அறிவுரை சொல்ல என்னைக் கூப்பிடுகிறார்கள். நானும் சால்வையைப் போர்த்திக்கொண்டு அரை மணி நேரம் பேசுகிறேன். நேரத்துக்கு வாருங்கள், நோயாளியிடம் அன்பாகப் பேசுங்கள், மருந்துச் சீட்டைப் புரியும்படி எழுதுங்கள் (மருந்துக்கடைக்காரர் யாரும் அரங்கில் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் இதைச் சொல்வேன்). கைதட்டுவார்கள். உண்மையில் நான் சொல்ல வேண்டிய அறிவுரை ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னால் பச்சையம்மாள் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், இத்தனை வருஷமாக விழுங்கிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஹவுஸ் சர்ஜனாகிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு நாளில் ஸ்டெதஸ்கோப்பைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றியிருந்தேன். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்காக அடி அண்ணாமலையில் முதலுதவிப் பந்தல் போட்டு, என்னையும் சரோஜா சிஸ்டரையும் ஒரு வேனோடு அனுப்பினார்கள். சிஸ்டருக்கு இருபது வருஷ அனுபவம். ஆகவே பந்தலுக்கு நான்தான் தலைமை.

கிளம்பும்போது சீனியர் ஒருவர் மூன்று அறிவுரை சொன்னார். சந்தேகத்தை முகத்தில் காட்டாதே. பக்கவாதம் என்றால் ஒரு நிமிஷம்கூட வீணாக்காதே. எதுவானாலும் சிஸ்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள். முதல் இரண்டையும் டைரியில் எழுதிக்கொண்டேன்.

மத்தியானம் வரை வெறுங்காலோடு நடந்தவர்களின் கொப்புளங்களுக்கு மருந்து தடவினேன். நான் படித்த படிப்புக்கு அது அவமானமாக இருந்தது. பெரிய நோய் ஒன்று வராதா என்று ஏங்கினேன். நாலு மணிவாக்கில் வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

“என்னம்மா பண்ணுது?”

பதில் இல்லை.

“பேரு என்ன?”

உதட்டில் விரலை வைத்தார். மலையைக் காட்டினார். பிறகு மூன்று விரலைக் காட்டினார். (பேச்சு போய்விட்டது, மலைப் பக்கம் வரும்போது போனது, மூன்று மணிக்குப் போனது. இதைவிடத் தெளிவாக எந்த நோயாளி சொல்வார்?)

பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “அந்தம்மா காலையிலேர்ந்து சுத்துதுங்க டாக்டர்.”

நான் திருநெல்வேலிக்காரன். எங்கள் பக்கம் ஓர் அம்மா சுற்றினால் ‘சுத்துதாவ’ என்போம். ‘சுத்துது’ என்றால் அது தலை. இந்த ஊரில் அம்மாக்களும் வருது, போவுது, சுத்துது என்பதை எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. சீட்டில் எழுதினேன்: காலையிலிருந்து தலைசுற்றல், பேச்சு இழப்பு.

வாயைத் திறக்கச் சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினார். ஒரு பக்கக் கன்னம் உப்பி, வாய் கோணியிருந்தது. அதையும் எழுதினேன். (உள்ளே இருந்தது தாகத்துக்காக அடக்கிய கற்கண்டு.) ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, கருவி பழசு என்று முடிவுகட்டினேன். குளுக்கோஸ் ஏற்ற நரம்பைத் தேடி மூன்று இடத்தில் குத்தினேன். அந்த அம்மா கண்ணை இறுக்கி மூடினாரே தவிர, ‘ஆ’ என்றுகூடச் சொல்லவில்லை. வலி உணர்ச்சியும் இல்லை என்று எழுதினேன்.

தண்ணீர் பிடிக்கப் போயிருந்த சரோஜா சிஸ்டர் அப்போதுதான் திரும்பினார்.

“சார், ஒரு நிமிஷம்.”

“நிமிஷம்தான் சிஸ்டர் இல்ல.”

“இல்ல சார், பௌர்ணமியில நிறைய பேரு இந்த மாதிரி…”

“வேனை எடுக்கச் சொல்லுங்க.”

சந்தேகத்தை முகத்தில் காட்டவே இல்லை.

அந்த அம்மா திமிறினார். (சீட்டில்: மனக்குழப்பம்.) நானும் தொண்டர்கள் இரண்டு பேரும் ஸ்ட்ரெச்சரோடு தூக்கி வேனில் ஏற்றினோம். சிஸ்டரும் கூடவே ஏறிக்கொண்டார்.

“முன்னால கூட்டம் ஜாஸ்தி சார். வந்த வழியே திருப்பிக்கினு போயிடறேன்” என்றார் டிரைவர். ஊரே மலையை வலமாக வந்துகொண்டிருக்க, எங்கள் வண்டி இடமாகத் திரும்பியது.

நோயாளி எழுந்து உட்கார்ந்தார்.

“யோவ், நிறுத்துய்யா வண்டிய. சாமி மலைய எதிர்ச்சுத்தா இட்டுக்கினு போறியே, நீ நல்லா இருப்பியா?”

நான் குணப்படுத்திய முதல் பக்கவாதம் என்று அரை நொடி பூரித்துப் போனேன். அடுத்த நொடி அந்த அம்மா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். வண்டி நின்றதும் படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

சிஸ்டர்தான் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தார். பேர் பச்சையம்மாள். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை பயிரிடுகிற குடும்பம். மௌன விரதம். வாயைத் திறக்காமல் மூன்று சுற்று சுற்றி, கோபுரத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிய பிறகுதான் பேசுவதாக வேண்டுதல். மூன்றாவது சுற்றில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டிருந்தது.

“எதுக்கும்மா வேண்டுதல்?” என்றேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“எம் புள்ள நுழைவுத் தேர்வு எழுதிக்கிறான். டாக்டர் சீட்டு கெடைக்கணும்னு சுத்தினேன்.” மூக்கைச் சிந்தினார். “ஒரு டாக்டரே வந்து கெடுத்துட்டியே.”

எனக்கும் அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், குத்திய மூன்று இடத்திலும் பஞ்சை ஒட்டிக்கொண்டு மிச்சத் தூரத்தை நடக்கப் போனார். அன்று முழுக்கச் சரோஜா சிஸ்டரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் ஏதோ விரதம் போலிருக்கிறது.

பிறகு இந்த ஊரிலேயே தங்கி, வேங்கிக்காலில் கிளினிக் வைத்தேன். பச்சையம்மாள் அங்கே எனக்கு நிரந்தர நோயாளி. வந்ததும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, “கண்டுபுடி பாக்கலாம்” என்பதுபோல் என்னையே பார்ப்பார். வீட்டில் என் மனைவி கோபத்தில் பேசாமல் இருந்தால், “அப்பா, வேனை எடுக்கச் சொல்லட்டுமா?” என்கிறாள் மகள்.

பச்சையம்மாளின் மகன் சேகருக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. கால்நடை மருத்துவம் கிடைத்தது. அவன் ஒருநாள் கிளினிக்குக்கு வந்தபோது, என்னால்தான் என்று இழுத்தேன்.

“அதெல்லாம் இல்ல சார். ‘வாயத் தொறக்காம வேண்டிக்கினேன், வாயில்லாததுங்களுக்கு டாக்டரா ஆக்கிட்டாரு சாமி’னு அம்மா சொல்லுது” என்றான். “இப்பவும் ஒவ்வொரு பௌர்ணமியும் சுத்துது சார்.”

“இப்ப யாருக்காகப்பா?”

“உங்களுக்குத்தான் சார். நீங்க நல்ல டாக்டர் ஆவணும்னு.”