மணவறை மாமியின் கெப்பில் முதல் சவாரி

கொழும்பின் காலி வீதியில் ஓடும் தனியார் பஸ்கள் யாருக்கும் ஒதுங்குவதில்லை என்று சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்கள் மணவறை மாமியின் கெப் வருவதைப் பார்க்காதவர்கள். மாமியின் ஹோர்ன் கேட்டால் பஸ் ஒதுங்கும். அதன் பின்னால் வரும் பஸ்ஸும் ஒதுங்கும். அவசரமாகப் போகும் அம்புலன்ஸ்கூட மாமிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மாமியின் சொந்தப் பெயர் வெள்ளவத்தையில் எங்கள் குறுகிய ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. கலியாணங்களுக்கு மணவறை வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். குடியிருப்பது எங்கள் தொடர்மாடியின் கீழ் வீட்டில். மணவறைச் சாமான்கள் இருப்பது கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கிட்டங்கியில். இரண்டுக்கும் நடுவே அவருடைய வெள்ளை சிங்கிள் கெப் ஓடும். முன்னால் மூன்று பேர் நெருக்கியடித்து இருக்கலாம். பின்னால் திறந்த தட்டு. அதில் பொன் பூச்சுத் தூண்கள், யானைத் தலைகள், ஒரு சோடி மயில். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அறுபது வயதில் அந்த வண்டியை அவர் ஓட்டுவதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். முன்னால் நிற்பவர்களுக்கு ஓடத் தோன்றும்.

மாமிக்கு ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதாத, யாரும் மீறாத சட்டம். தன் மணவறையில் இருந்த சோடிக்குப் பிள்ளை பிறந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அதன் முதல் சவாரி தன் கெப்பில்தான். யாரும் கூப்பிடத் தேவையில்லை. டொக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டி, அவர்கள் வெளியே வரும்போது வாசலில் கெப் நிற்கும். தாயும் பிள்ளையும் முன்னால், தகப்பன் மயிலோடு பின்னால்.

பம்பலப்பிட்டியில் ஒரு நகைக்கடை முதலாளி, பேரனைக் கூட்டிப்போக இரண்டு காரோடும் இரண்டு டிரைவரோடும் வந்து நின்றாராம். மாமி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, உங்கட காரில உங்கட பேரன் ஆயுசு முழுக்க ஓடித் திரியட்டும். இண்டைக்கு என்னோட வரட்டும்."

கெப் முன்னால் போக, இரண்டு காரும் அதன் பின்னால் ஊர்ந்து போனதைக் கண்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் போய் வெகுகாலம். "எனக்கு ஒண்டும் இல்லையெண்டு ஆர் சொன்னது? நான் ஏத்தி இறக்கின பிள்ளையள் ரெண்டு பள்ளிக்கூடம் நிரப்பக் காணும்" என்பார்.

நானும் கௌரியும் அவருடைய மணவறையில் இருந்தவர்கள்தான். வெகுநாள் காத்திருந்து, கோயில் குளம் எல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் கௌரி கர்ப்பமானாள். என் பெற்றோர் உயிரோடு இல்லை, அவளுடைய ஆட்கள் முழுப்பேரும் கனடாவில். வெள்ளவத்தையில் எங்களுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை என்று நான் எல்லாரிடமும் சொல்லித் திரிந்த காலம் அது.

அப்போதுதான் கௌரியின் தமக்கை, லீவில் வந்த ஒருவரிடம் ஒரு பெரிய பெட்டி கொடுத்தனுப்பினாள். உள்ளே பச்சைப் பிள்ளையை வாகனத்தில் வைத்துக் கட்டும் பேபி சீட். கௌரி அதைப் பற்றி வாசிக்காதது எதுவும் இல்லை. வாசித்து முடித்து ஒரே பேச்சாகச் சொன்னாள். சீட் இறுக்கமாகப் பூட்டிய வாகனம் என்றால் பிள்ளை வீட்டுக்கு வரும். இல்லையென்றால் வராது.

செய்தி கீழ் வீட்டுக்குப் போனது. மாமி படியேறி வந்தார்.

"என்ன பிள்ளை, நான் ஏத்தின பிள்ளையள் எல்லாம் தாயின்ர மடியிலதானே வந்தது? ஒண்டாவது விழுந்ததே?"

"இல்லை மாமி. ஆனா என்ர பிள்ளை சீட்டிலதான் வரும். உங்கட கெப் சின்னன், அதுக்க இது நிக்காது. நாங்கள் கார் ஒண்டு பிடிக்கிறம்."

பஸ் டிரைவர்களுக்கு மூன்று மொழியில் பதில் சொல்லும் வாய் அன்று மூடிக்கொண்டதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இத்தனை காலத்தில் அவருடைய கெப்பிலிருந்து தப்பிய முதல் பிள்ளை எங்கள் பிள்ளையாகப் போகிறது. படி வரைக்கும் போனவர் திரும்பினார்.

"கொண்டா அந்தச் சாமானை."

அடுத்த நாள் பின்னேரம் எங்களைக் கீழே கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், சீட் கெப்பின் இடப்பக்கம் ரோட்டைப் பார்த்துக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. தூண் கட்டும் கயிறு குறுக்கும் நெடுக்கும் ஓடியது. சுற்றிவரச் சிவப்புப் பட்டு, மேலே மல்லிகைச் சரம், இரண்டு பக்கமும் குட்டி யானைத் தலை. உண்மையைச் சொன்னால், எங்கள் கலியாணத்துக்குக்கூட அவ்வளவு வடிவாகக் கட்டவில்லை.

கௌரி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சீட்டை ஆட்டினாள். ஒரு யானை அவள் காலடியில் விழுந்தது.

"மாமி, இது மணவறை. கயிறு வேண்டாம், கெப்பின்ர பெல்ட்டாலதான் கட்ட வேணும். மற்றது, பிள்ளை பின்பக்கம் பாத்துத்தான் இருக்க வேணும்."

மாமி திடுக்கிட்டுப் போனார். "பின்பக்கமோ? முதன்முதல் வீட்டுக்கு வாற சீதேவி வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாறதே? புதுப் பொம்பிளையை ஆரும் அப்பிடிக் கூட்டி வருவினமே? என்ன பிள்ளை கதைக்கிறாய்!"

கௌரி கோபப்படவில்லை. மாமியின் கையை எடுத்து மாமியின் பிடரியிலேயே வைத்தாள். "பிறந்த பிள்ளைக்கு இது நிக்காது மாமி. சடாரெண்டு பிரேக் அடிச்சா தலை முன்னுக்குப் போயிடும். பின்பக்கம் பாத்திருந்தா சீட் முதுகோட சேத்துத் தாங்கும்."

மாமி பிடரியை ஒருமுறை அமத்திப் பார்த்தார். பிரேக்கை அவருக்குத் தெரியும். அவர் அடித்த பிரேக்குகளை இந்த ஊருக்கே தெரியும்.

"இதை நீ முதலே சொல்லியிருக்கலாம். கழுத்துக்கு நீ சொன்ன மாதிரியே செய்வம். முகத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

முகத்தை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நாங்கள் கேட்கவில்லை. மாமியிடம் கேட்டு யாருக்கும் பழக்கமில்லை.

சீட்டைத் திருப்பினால் அது டாஷ்போர்டில் போய் இடித்தது. பின்னால் தள்ள இடமில்லை, கெப்பின் சுவர். முன்னாலோ சாமிகள். முருகன், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மாதா, பொலிஸ் மறிக்கும்போது உதவுகிற புத்தர், இவர்களுக்கு இடப்பக்கம், சரியாகச் சீட் வர வேண்டிய இடத்தில், கருங்கல் பிள்ளையார். கெப் வாங்கிய அன்றே ஒட்டியவர். ஒருமுறை கெப் லொறியோடு மோதி, லொறி கராஜுக்குப் போனபோதும் அசையாதவர்.

"எயார் பாக் இருக்கோ மாமி?" என்று கௌரி கேட்டாள். "அது இருந்தா முன்னுக்கு இந்தச் சீட்டை வைக்கவே கூடாது."

"டயருக்கே எயார் காணாது, இதுக்க எங்கயிருந்து பாக்?"

இல்லாத ஒரு சாமானுக்காக அந்தக் கெப் பாராட்டு வாங்கியது அன்றுதான்.

மாமி கற்பூரம் கொளுத்தினார். பிள்ளையாருக்கு முன்னால் குனிந்து, பக்கத்து வீட்டுக்காரரோடு கதைப்பதுபோலக் கதைத்தார். "அப்பனே, உமக்கும் ஒரு தாய் இருக்கிறாதானே. கொஞ்சம் தள்ளி இரும்." பிறகு உளியை எடுத்தார். பிள்ளையார் லேசில் விடவில்லை. டாஷ்போர்டில் ஒரு துண்டையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் வலப்பக்கம் போனார்.

இடம் கிடைத்தது. இனி இறுக்க வேண்டும். சீட்டை முழங்காலால் அமத்திக்கொண்டு பெல்ட்டை இழுக்க வேண்டும் என்று கௌரி சொல்லிக் கொடுத்தாள். மாமி சேலையைச் செருகிக்கொண்டு கெப்புக்குள் ஏறி, சீட்டின் மேல் ஒரு முழங்காலை வைத்தார். கெப் இடப்பக்கம் சரிந்தது. உள்ளேயிருந்து ஒரு உறுமல் கேட்டது, கெப்பா மாமியா என்று தெரியவில்லை. ஒழுங்கையில் கிரிக்கெட் நின்றது.

கௌரி வந்து ஆட்டினாள். கொஞ்சம் அசைந்தது. "இறுக்கம் காணாது மாமி." மறுநாள் பின்னேரம் திரும்பவும் முழங்கால், உறுமல். துவாய் ஒன்றைச் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் வைத்து சரிவைச் சரிப்படுத்தினார்கள். ஆட்டினாள். "இன்னும் காணாது." கொழும்பில் ஒருவரும் மாமியிடம் இரண்டாம் தரம் "காணாது" என்று சொன்னதில்லை. மாமி முகம் சுளிக்காமல் பெல்ட்டைக் கழற்றி மூன்றாம் தரம் ஏறினார். ஒரு காப்புறுதிக் கம்பனிக் கந்தோரில் வாழ்க்கையைக் கழிக்கிற எனக்கு, பாதுகாப்பு என்றால் என்ன என்று அந்தக் கிழமைதான் விளங்கியது.

கடைசியில் ஒருநாள் கௌரி இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். சீட் அசையவில்லை. கெப் அசைந்தது.

"இப்ப சரி மாமி."

மாமி சாவியை எடுத்தார். அன்றிலிருந்து வெறும் சீட்டை வைத்துக்கொண்டு நடைவேகத்தில் ஓட்டிப் பழகினார். ஹோர்ன் அடிக்காமல் போகும் மாமியைக் கண்டு பஸ் டிரைவர்கள் பதறி, மாமிக்குச் சுகமில்லையா என்று ஒழுங்கை முனைப் பழக்கடைக்காரரிடம் விசாரித்தார்களாம்.

மகள் பிறந்தாள். துண்டு வெட்டிய அன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் கெப் நின்றது, கழுவித் துடைத்து. மாமி பட்டுச் சேலையில். கௌரி பிள்ளையைச் சீட்டில் வைத்துப் பெல்ட்டுகளைப் பூட்டிவிட்டு, கியர்க் கம்பி முழங்காலில் இடிக்க நடுவில் நெருங்கிக்கொண்டு இருந்தாள். மகளுக்கு அவ்வளவு பாதுகாப்புப் பார்த்த என் மனைவி, என்னைப் பின்தட்டில் ஏறச் சொல்லும்போது ஒன்றும் யோசிக்கவில்லை. நான் மயிலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அப்படி ஒரு பயணத்தை நான் கண்டதில்லை. கோட்டையைச் சுற்றி, மரீன் டிரைவ் வழியாகக் கெப் ஊர்ந்தது. சைக்கிளில் ஒரு கிழவர் எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்த வான்காரன் ஹோர்னில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. மாமி திட்டவில்லை! நான் எட்டி உள்ளே பார்த்தேன். மாமி வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஒழுங்கை வந்தது. கெப் திரும்பாமல் அதைத் தாண்டிப் போனது.

"மாமி, ஒழுங்கை போயிட்டுது!" என்று தகரத்தில் தட்டிக் கத்தினேன்.

கெப் நின்றது. கியர் கரகரத்தது. கெப் பின்னால் வரத் தொடங்கியது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளை பின்பக்கம் பார்த்திருக்கிறது. கெப்பே பின்பக்கமாகப் போனால் பிள்ளை வீட்டைப் பார்த்துக்கொண்டு போகும்! கழுத்தும் தப்பியது, முகமும் தப்பியது. எத்தனை நாளாக இதை மனதுக்குள் வைத்திருந்தார் இந்த மனுசி!

ஒழுங்கையோ இரண்டு ஓட்டோ ஒன்றையொன்று தாண்ட மூச்சுப் பிடிக்கும் அகலம். இருமருங்கும் நிற்பாட்டிய வாகனங்கள். மாமி ஜன்னலால் தலையை நீட்டி, ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, ஒரு கண்ணாடியையும் தொடாமல் வந்தார். எதிரே ஒரு ஓட்டோ. டிரைவர் எட்டிப் பார்த்து, "மொகத கரன்னே ஆன்ட்டி?" என்று சிங்களத்தில் கத்தினான். என்ன செய்யிறீங்கள் ஆன்ட்டி?

"பபா எனவா!" என்றார் மாமி. பிள்ளை வருகுது! அவ்வளவுதான். ஓட்டோவும் பின்னால் போனது. அதன் பின்னால் வந்த மீன்காரரின் மோட்டார் சைக்கிளும் பின்னால் போனது. பல்கனிகளில் எல்லாம் ஆட்கள். நான் தட்டில் மயிலோடு முன்னால், ஒழுங்கை முழுவதும் எங்களுக்கு வழிவிட்டுப் பின்வாங்க, என் மகள் வீட்டைப் பார்த்தபடி வந்து சேர்ந்தாள். முழுத்தூரமும் அவள் நித்திரை. அது வேறு கதை.

கேற்றடியில் என்ஜின் நின்றது. மாமி இறங்கவில்லை. நான் குதித்து முன்னால் போய்ப் பார்த்தேன். கைகள் ஸ்டியரிங்கை இன்னும் விடவில்லை.

"பிள்ளை, ஒருக்கா ஆட்டிப் பார். அசைஞ்சதே?"

கௌரி சீட்டைப் பிடித்து ஆட்டினாள். "அசையேல்லை மாமி."

"வடிவாப் பார்."

"இல்லை மாமி. கெப்தான் அசையுது."

மாமி சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கௌரி அவருடைய தோளில் சாய்ந்தாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் மயிலை இறக்கி வைத்தேன்.

மகளுக்கு இப்போது இரண்டு வயதாகப் போகிறது. சீட் இன்னும் கெப்பில்தான், அடுத்த பிள்ளைகளுக்காக. பிள்ளையாரும் வலப்பக்கத்திலேயே பழகிவிட்டார். ஆனால் ஏற்றிவரப் பிள்ளை இல்லாத நாட்களிலும், தூண்களை மட்டும் ஏற்றிக்கொண்டு வரும்போதும், மாமி எங்கள் ஒழுங்கைக்குள் பின்பக்கமாகத்தான் வருகிறார். கழுத்து சுளுக்கிக்கொள்ளப் போகிறது மாமி, ஏன் இந்த வேலை என்று போன கிழமை கேட்டேன்.

"முன்னால வந்தா உன்ர மகள் பல்கனியில நிண்டு சிரிக்கமாட்டாள் தம்பி" என்றார்.

வெள்ளவத்தையில் எங்களுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை என்று நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை.