நடு ஏரியில் எங்கள் சங்க அலுவலகம்

அக்ராவில் வக்கீல் கோட்டு மாட்டிக்கொண்டு திரியும் என் தங்கை மகன் செலோமுக்கு, வோல்டா ஏரிக்கரைப் புது ஊரிலிருந்து உன் மாமா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் டோட்ஸே எழுதிக்கொண்டது. இங்கு நான், கோழிகள், முழங்கால் வலி யாவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வேண்டிக்கொள்கிறேன், நீ அங்கே போகிறாயோ இல்லையோ.

நிற்க. இது கண்டவுடன் சங்கங்களைப் பதிவு செய்யும் ஆபீசுக்கு ஓடிப்போய் நம் சங்கத்தின் முகவரியை அடித்துவிட்டு வேறு எழுதச் சொல். சான்றிதழ் தாமதமானாலும் பரவாயில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழையில், படகு தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரத்தில் மோதி உன் மாமி அகோர்ஃபா போனாள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அணை கட்டி எங்கள் பழைய ஊரை மூழ்கடித்தபோது மரங்களை வெட்டாமல் விட்டார்கள். அவை இன்னும் நின்று ஆள் பிடிக்கின்றன. இனி ஒருத்தரும் போகக்கூடாது என்றுதான், படகேறுகிறவர்களுக்கு மிதவை அங்கி கொடுக்க இந்தச் சங்கத்தைத் தொடங்கினேன். யாரோ புண்ணியவான்கள் அனுப்பிய அங்கிகள் டெமா துறைமுகத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. பதிவுச் சான்றிதழைக் காட்டாமல் விடமாட்டார்களாம். புயல் மழையோ அடுத்த மாதம்.

பதிவுக்கு முகவரி வேண்டும், அதுவும் போனில் பொத்தானை அழுத்தினால் நாம் நிற்கிற இடத்துக்கு ஒரு எண் வருமே, அதுதான் வேண்டும் என்றார்கள். நம் ஊரில் சிக்னல் கிடைக்க நடு ஏரிக்குப் படகேறிப் போக வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? நானும் சங்கப் பொருளாளர் ஃபஃபாலியும் போனோம், அழுத்தினேன், எண் வந்தது, சந்தோஷமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். வாழ்நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக் கொடுத்த மூளை! அந்த இடத்துக்கு நேர் கீழேதான் பழைய ஊர்.

நேற்று பதிவு ஆபீஸ் ஆய்வாளர் போன்சு நம் அலுவலகத்தைப் பார்க்க வருகிறார் என்று ஃபஃபாலி வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, நாற்காலி வாடகைக்கு எடுத்து, களி கிளறி மீன் குழம்பு வைத்து, நான் உன் மாமி போனதிலிருந்து துக்கத்துக்குக் கட்டுகிற கறுப்புத் துணியில் வழியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குழம்பு ஆறிப்போச்சு, மனுஷன் வரவில்லை. சாயங்காலம் பார்த்தால் படகுத்துறையிலிருந்து ஏப்பம் விட்டபடி வருகிறார்.

"ஆபீசைப் பார்த்தாச்சு பெரியவரே. எல்லாம் திருப்தி. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எந்த ஆபீஸ்?"

"போன் காட்டின இடம்தான். என்ன மரியாதை! உட்கார வெச்சு, தண்ணி குடுத்து, குடிச்ச பிறகுதான் வந்த காரியம் என்னன்னு கேட்டாங்க. இந்தக் காலத்துல யாரு அப்படிக் கேக்குறாங்க? உறுப்பினருங்க நெறைய பேரு. குழந்தைங்ககூட இருந்துச்சு. எல்லார் துணியும்தான் கொஞ்சம் ஈரம். மழையில நனைஞ்சாங்களா?"

மழை பெய்யவே இல்லை, மருமகனே.

"சார், வழியில ஏதாச்சும் குடிச்சீங்களா?" என்றாள் ஃபஃபாலி.

"அவங்க குடுத்த தண்ணிதாம்மா. ஜில்லுனு இருந்துச்சு."

படகுக்காரன் கமேலியைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் விசாரித்தேன். "நடு ஏரியில நிறுத்துன்னாரு வாத்தியாரே. செருப்பைக் கழட்டிப் படகுல வெச்சுட்டு, வாசப்படி இறங்குற மாதிரி இறங்கிட்டாரு. நான் கண்ணை மூடிட்டேன்."

"எப்படா தொறந்தே?"

"அவரு திரும்பி வந்து செருப்பு எங்கேன்னு கேட்டப்போ."

போன்சுவின் கால்சட்டையைத் தொட்டுப் பார்த்தேன், நுனிகூட நனையவில்லை. நான் இதையெல்லாம் நம்புகிற ஆளா? ஏதாவது தீவில் இறங்கிக் கள்ளடித்துப் படுத்திருப்பார். ஆனால் ஆண்டுக் கூட்டத்தைப் பதிவு முகவரியில்தான் நடத்தணுமாம், இல்லாவிட்டால் பதிவு ரத்தாம், தானும் வந்து பார்ப்பாராம். ஃபஃபாலி அப்போதே ராஜினாமா என்கிறாள். "கூட்டத்துக்குப் போறது சுலபம் வாத்தியாரே, திரும்பி வர்றதுக்கு யாரு பொறுப்பு?" எனக்கும் பயமா இருக்குடா. அடியிலே இருக்கிறவங்க தயவுல வாங்கின சான்றிதழ் நமக்கு வேணாம். மாத்திடு. அங்கி வந்து சேர்ற வரைக்கும் நான் துறையில நின்னு ஒவ்வொருத்தன் காலைப் பிடிச்சாவது படகேற விடாம தடுத்துக்கிறேன்.

உன் வழக்குகள் வாய்தா இல்லாமல் ஜெயிக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள்.

உன் மாமா,
டோட்ஸே

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது, பஸ்ஸுக்குப் போகிற வழியில் போன்சு வந்து எட்டிப் பார்த்தார். "மறந்தே போச்சு பெரியவரே. தண்ணி குடுத்த அம்மா உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. வருஷம் தாண்டியாச்சு, இன்னும் என்ன கறுப்பு, கழட்டணுமாம். அப்புறம் சோளமாவு உருண்டை, அந்தக் கென்கியை டீயில முக்கித் திங்கிறதை நிறுத்தணுமாம்."

நான் அப்படித் தின்பது இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

முகவரியை மாற்றாதே. சான்றிதழை வாங்கி அங்கிகளை உடனே அனுப்பு. கூடவே, துக்கம் முடித்துக் கட்டிக்கொள்ள எனக்கு நல்லதாக ஒரு வெள்ளைத் துணி. ஆண்டுக் கூட்டத்துக்குக் கறுப்பில் போய் நின்றால் அவள் திட்டுவாள்.