ஹேசல் ஓடைப் பாலத்தைப் பிடித்தவர்

கர்னல்கள் என்று ஓர் இனம் உண்டு. பட்டாளத்துக் கர்னல்களைச் சொல்லவில்லை. அவர்கள் பாவம், சண்டை நடக்கும்போதே செத்துவிடுகிறவர்கள். நான் சொல்வது சண்டை முடிந்த பிறகு உருவாகிற கர்னல்களை. அமெரிக்காவில் அடிமை முறையை வைத்து வடக்கும் தெற்கும் நாலு வருஷம் அடித்துக்கொண்டு ஓய்ந்து, புதைக்க வேண்டியவர்களைப் புதைத்து, துப்பாக்கிகளைத் துடைத்துப் பரணில் போட்ட பிறகு, எங்கள் ஓஹாயோ மாநிலத்தில் ஊருக்கு அரை டஜன் கர்னல்கள் தேறினார்கள். அவர்களை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். மே மாதக் கடைசியில், போர்வீரர் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளன்று, வலது காலை நொண்டுவார்கள். நவம்பரில் தேர்தல் வரும்போது இரண்டு காலையும் நொண்டுவார்கள். மற்ற மாதங்களில் நன்றாக நடப்பார்கள்.

இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது என்கிறீர்களா? அந்தக் காலத்தில் உடம்பில் ஒரு குண்டு இல்லாதவனுக்குத் தெருநாய் பிடிக்கிற வேலைகூடக் கிடைக்காது. ஜனாதிபதியிலிருந்து தபால்காரர் வரை எல்லாருக்கும் ஒரு போர்க்களம் தேவைப்பட்டது. இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

எங்கள் ஹார்ல்ஸ்டன் ஊரில் அல்ஃபியஸ் தார்ன் செய்ததைத்தான் செய்வார்கள். போரிலிருந்து திரும்பியபோது தார்ன் லெப்டினன்ட். விதைக்கடை வைத்தபோது கேப்டன். நீதிபதி தேர்தலில் நின்றபோது மேஜர். தலை நரைத்தபோது கர்னல். கலைந்துபோன பட்டாளம் எப்படிப் பதவி உயர்வு கொடுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆளும் அதே வழியில் மேஜரானவர்.

போரில் தார்ன் பார்த்த வேலை, பிஸ்கட் பீப்பாய்களுக்குக் காவல். ஹேசல் ஓடைப் பாலத்தில் பெரிய சண்டை நடந்த அன்று அவர் இரண்டு மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தார். பீரங்கிச் சத்தம் கேட்டது. ஊர் திரும்பிய புதிதில் அப்படித்தான் சொன்னார்: சத்தம் கேட்டது. சில வருஷங்களில் புகை தெரிந்தது. பிறகு அவர் ஓடைக்கரைக்கு வந்துவிட்டார். பிறகு பாலத்தின் மேல் ஏறினார். கொடி பிடித்தவன் விழ, கொடியை இவர் எடுக்க, கடைசியில் பாலத்தைத் தன்னந்தனியாக மதியம் வரை பிடித்து வைத்திருந்தார். சொல்லும்போது அழுவார். அது நடிப்பில்லை, நிஜமான கண்ணீர். அவர் மனைவி லவீனியா மட்டும் அழமாட்டாள். சண்டைக்குப் போன எல்லாரும் எலும்பும் தோலுமாக வந்து இறங்க, தன் புருஷன் மட்டும் கொழுகொழுவென்று வந்து இறங்கியது அவளுக்கு மறக்கவில்லை.

அந்தப் பாலத்தில் நிஜமாகவே நின்றவர் ஒருத்தர் அதே ஊரில் இருந்தார். ஆமோஸ் டாலிவர். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்து, ஆற்றைத் தாண்டி ஓடிவந்து, கறுப்பர் படையில் சேர்ந்து, இடது காதில் பாதியைப் பாலத்திலேயே விட்டுவிட்டு வந்தவர். இப்போது குதிரை வாடகைக் கொட்டடி நடத்தினார். தேவாலயத்தில் அவர் பாடினால் கண்ணாடி அதிரும். ஒவ்வொரு மே மாதமும் பேண்டு வாத்தியத்துக்கு அடுத்தபடி, தன் பழைய தோழர்களோடு கிழிந்த கொடியைத் தூக்கிக்கொண்டு நடப்பார். பிறகு புல்லில் உட்கார்ந்து கர்னலின் பேச்சைக் கேட்பார். ஏன் சும்மா இருக்கிறாய் என்று அவர் மனைவி கேட்டதற்கு, பொய்யோ நிஜமோ, அந்தப் பாலத்தின் பேரை வருஷத்துக்கு ஒரு தடவை உரக்கச் சொல்ல ஒருத்தராவது இருக்கிறாரே என்றாராம்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டாம் வருஷம் தார்னுக்கு மாநில சபைக்குப் போக ஆசை வந்தது. கட்சிக்காரர்கள், பழைய சண்டைப் பேச்சு சலித்துவிட்டது, இப்போது கைகுலுக்குகிற காலம் என்றார்கள். தெற்கிலிருந்து ஒரு எதிரியை வரவழைத்து மேடையில் கட்டிப்பிடித்தால் ஓட்டு கொட்டும். எதிரியும் கிடைத்தார். ஜார்ஜியாவைச் சேர்ந்த கர்னல் ரான்சம் பியூஃபோர்ட். அதே பாலத்தை மறுகரையிலிருந்து தாக்கியவர். அதாவது, அப்படிச் சொல்லிக்கொண்டவர்.

தார்னுக்குச் சோறு இறங்கவில்லை. நிஜமாகவே அங்கே இருந்த ஒருத்தன் மேடையேறி, இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டால்?

விருந்தாளி வந்து இறங்கினார். பன்றித் தொடைக்கறியும் ஆப்பிள் பணியாரமும் முடிந்து, லவீனியா இருவரையும் கூடத்தில் விட்டுவிட்டுப் போனாள். இரண்டு கர்னல்களும் விஸ்கிக் கோப்பைக்கு மேலாக ஒருவரையொருவர் அளந்துகொண்டார்கள்.

"பாலத்துக்குப் பக்கத்துல ஒரு மாவு மில் இருந்துச்சே," என்று தார்ன் மெதுவாக ஆரம்பித்தார்.

"இருந்திருக்கும்," என்றார் பியூஃபோர்ட். "அந்தப் பாலம்... கல்லுதானே?"

"நீங்க பார்த்தப்ப என்னவா இருந்துச்சு?"

பியூஃபோர்ட் கோப்பையைக் காலி செய்தார். கூரையைப் பார்த்தார். "உங்ககிட்ட என்னத்த மறைக்கிறது. எனக்கு அன்னிக்கு வயித்தால போயிட்டிருந்துச்சு. ஒரு வாரமா வண்டியில சுருண்டு கிடந்தேன்."

தார்ன் பெருமூச்சு விட்டார். அவ்வளவு ஆறுதலான வார்த்தையை அவர் இருபது வருஷமாகக் கேட்டதில்லை. "நான் பிஸ்கட் பீப்பாய்க்குக் காவல் இருந்தேன்," என்றார்.

இருவரும் சிரித்த சிரிப்பில் சமையலறையில் லவீனியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அடுத்த கோப்பை முடிவதற்குள் பாலம் கல்பாலம் என்று முடிவாகிவிட்டது. போரில் நிஜமாக மோதியவர்களுக்குள் அப்படிப்பட்ட சிநேகம் வருவது கஷ்டம்.

கிளம்பும்போது பியூஃபோர்ட் ஒரு விஷயம் சொன்னார். ஊர்வலத்தில் கறுப்பர் படையும் நடக்கும் என்று கேள்விப்பட்டாராம். தனக்கு ஒன்றுமில்லை, தங்கமான மனசு தனக்கு. ஆனால் தனக்கும் ஊரில் தேர்தல் இருக்கிறது. அவர்கள் நடக்கமாட்டார்கள் என்று, தன் சட்டையைக் கழற்றிக் கொடுப்பது மாதிரி, தார்ன் உடனே வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் கொட்டடிக்குப் போனார். ஆமோஸ் ஒரு குதிரையின் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இந்த ஒரு வருஷம் மட்டும் ஒதுங்கிக்கோ, ஆமோஸ். சமாதானத்துக்காகத்தான் கேக்கறேன்."

"யாருக்கும் யாருக்கும் சமாதானம், கர்னல்?"

"வடக்குக்கும் தெற்குக்கும்."

ஆமோஸ் குளம்பைக் கீழே விட்டார். "அந்தச் சண்டையே எங்களைப் பத்தினதுன்னு நான் இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்," என்றார். பிறகு, "சரி," என்றார்.

கர்னலுக்கு அந்தச் 'சரி' மட்டும்தான் காதில் விழுந்தது. ஆமோஸ் எவ்வளவு பெருந்தன்மையானவர் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

ஊர்வலத்தன்று காலையில் கொட்டடியில் ஒரு குதிரைகூட இல்லை. கர்னல்கள் ஏறுவதற்கென்று ஏற்பாடு செய்திருந்த இரண்டு வெள்ளைக் குதிரைகளும் இல்லை. குதிரைகளும் ஒதுங்கிக்கொண்டன. கடைசியில் ஜெர்மன்காரர் ஒருவரின் பீர் வண்டி கிடைத்தது, இரண்டு கோவேறு கழுதைகளோடு. வடக்கும் தெற்கும் பீப்பாய்களுக்கு நடுவில், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, ஊர்ப் பெண்களின் மது ஒழிப்புச் சங்கத்தைத் தாண்டி நகர்ந்தன. அந்தப் பெண்கள் கைதட்டவில்லை.

மேடையில் எல்லாம் சரியாகிவிட்டது. கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள். பியூஃபோர்ட் தார்னைப் போல ஒரு வீரனை எதிரில் கண்டதில்லை என்றார். தார்ன் தன் பேச்சில் கல்பாலத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தபோது, இரண்டு தெரு தள்ளி மேள ஓசை கேட்டது.

கறுப்பர்களின் கல்லறைத் தோட்டத்துக்கு ஆமோஸ் தன் ஊர்வலத்தை நடத்திப் போய்க்கொண்டிருந்தார். கிழிந்த கொடி முன்னால், வெள்ளைக் குதிரைகள் பின்னால், எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குரல். கூட்டத்தில் சில தலைகள் திரும்பின.

கர்னல் பேச்சை நிறுத்தினார். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். அவர் போர் என்று காதால் கேட்டதெல்லாம் இப்படித் தள்ளி இருந்துதான். ஒரு கணம் அவர் பழையபடி பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தார், இருபத்துமூன்று வயதில், கையில் கடித்த பிஸ்கட்டோடு, அங்கே யார் யாரெல்லாம் சாகிறார்களோ என்ற பயத்தோடு. அவர் வாழ்க்கையில் போரைப் பற்றி நிஜமாகச் சொல்ல வேண்டியது அது ஒன்றுதான். வாய் திறந்தது. கூட்டம் காத்திருந்தது.

பிறகு குரலை உயர்த்திக் கொடியைப் பிடித்தார். தலைகள் திரும்பி வந்தன. நவம்பரில் ஜெயித்துவிட்டார்.

அடுத்த மே மாதம் மாநில சபை உறுப்பினர் தார்ன் மறுபடியும் கொட்டடிக்கு வந்தார், முகமெல்லாம் மலர்ச்சியாக. போன வருஷம் நடந்தது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்ததாம். அதனால் இந்த வருஷப் பேச்சில் ஆமோஸையும் சேர்த்துவிட்டாராம். குண்டு மழையில் தன் குதிரையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு நின்ற விசுவாசமான கறுப்பர் ஒருவர் வருகிறாராம்.

ஆமோஸ் கையிலிருந்த கடிவாளத்தை ஆணியில் மாட்டினார்.

"நான் குதிரையைப் பிடிச்சேன்னா, பாலத்தை யார் பிடிச்சது, கர்னல்?"

"நாமெல்லாரும்தான், ஆமோஸ்," என்றார் கர்னல். அவர் கண்கள் கலங்கிவிட்டன. நிஜமாகவே.

அந்த வருஷமும் அவருக்குக் குதிரை கிடைக்கவில்லை. கழுதைகள் பழகிவிட்டன. இன்றைக்கு நீங்கள் ஹார்ல்ஸ்டனுக்குப் போனால் சதுக்கத்தில் ஒரு வெண்கலப் பலகை இருக்கிறது. இரண்டு கர்னல்கள் கல்பாலத்தின் மேல் கைகுலுக்குகிறார்கள். ஓரத்தில் ஒரு குதிரை, கடிவாளத்தோடு ஒரு கை. கைக்கு மேலே இடம் போதவில்லை என்று சிற்பி நிறுத்திவிட்டார்.

என்ன, சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். எங்கோ ஒரு தேசத்தில், யாரோ ஒரு கிழவர். உங்கள் தெருவில் வெள்ளம் வந்ததே, அந்தக் கதையை நேற்றுக்கூட விருந்தில் சொன்னீர்கள். முதல் வருஷம் தண்ணீர் கணுக்கால் வரைக்கும் இருந்தது. இப்போது கழுத்துக்கு வந்துவிட்டது. அதில் தப்பில்லை, தண்ணீர் ஏறத்தான் செய்யும். ஆனால் குப்பத்திலிருந்து படகோடு வந்து உங்களைத் தூக்கி ஏற்றினாரே ஒருவர், அவர் உங்கள் கதையில் இப்போது எங்கே நிற்கிறார் என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா?