கூண்டுக்குள் ஒரு கைப்பிடிச் சருகு

ஒரு காட்டில் பொட்டழகி என்றொரு சருகுமான் இருந்தாள். முயலைவிடக் கொஞ்சம் பெரியவள். முயலைவிட நிறையக் கூச்சப்படுகிறவள். யாராவது பார்த்தால் அப்படியே அசையாமல் நின்றுவிடுவாள். காய்ந்த இலைகள்மேல் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்த மாதிரி இருக்கும் அவள் உடம்பு. பார்த்தவர்கள், "சருகு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. அத்திமரம் ஒரு பழம்கூட உதிர்க்கவில்லை. பொட்டழகிக்கோ நிறைமாதம். வயிற்றுக்குள் குட்டி, பசியில் உள்ளிருந்து கதவைத் தட்டுவதுபோல உதைத்துக்கொண்டிருந்தது.

நல்லவேளையாக, பொதுக்காட்டின் நடுவில் விலங்குகளுக்கென்றே ஒரு தீவனத் தோட்டம் போட்டிருந்தார்கள். கம்பு, கொள்ளு, காராமணி. வாய்க்கால் தண்ணீரில் பயிர் ஜம்மென்று வளர்ந்து நின்றது. வாசலில் பலகை: "வனவிலங்குகளுக்கு மட்டும்."

"அப்பாடா" என்று பொட்டழகி உள்ளே கால் வைத்தாள்.

"வனவிலங்குதான்னு சான்று இருக்கா?" என்றது வாசலில் நின்ற செந்நாய். தழை தின்னாத ஜாதி, அதனால் நேர்மையாக இருக்கும் என்று அதைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். பணிநேரத்தில் சக விலங்குகளைத் தின்னக் கூடாது என்பதும் விதி. அந்த விதியை அது பெருமூச்சுடன் கடைப்பிடித்தது.

சான்று கொடுப்பவர் முள்ளம்பன்றி எழுத்தர், ஈட்டியப்பன். ஆலமரத்தடியில் உட்கார்ந்து, முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி எழுதுவார். எழுதி முடித்ததும் அதை முதுகிலேயே செருகிக்கொள்வார். அவர் முன்னால் வரிசை ஆற்றங்கரைவரை நீண்டிருந்தது. பொட்டழகிக்கு முன்னால் காட்டெருமை பெரியகருப்பு நின்றிருந்தார். பொட்டழகி அவர் நிழலிலேயே நின்றாள்.

"மனுவோட படம் வேணும். ஏற்கெனவே சான்று வாங்கின ரெண்டு விலங்கு கையெழுத்துப் போடணும்" என்றார் ஈட்டியப்பன்.

"இதுவரைக்கும் யாரு வாங்கியிருக்கா?" என்று கேட்டார் பெரியகருப்பு.

"யாரும் வாங்கல. அதனாலதான் யாருக்கும் கொடுக்க முடியல."

"ஐயா, நான் வனவிலங்கு இல்லாம வேற என்ன? என் உடம்பைப் பாருங்க!"

"உடம்பைத்தான் பார்த்தேன். படத்துல வெறும் வயிறுதான் விழுந்திருக்கு. தலை எங்கே? அடுத்த ஆள்."

பொட்டழகி தன் படத்தை நீட்டினாள். ஈட்டியப்பன் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது? இலைதானே இருக்கு?"

"அந்த இலைக்கு நடுவுல நான் இருக்கேன் சார்."

"எந்த இலை?"

"நடு இலை சார்."

ஈட்டியப்பன் முள்ளைப் பிடுங்கினார். 'மனுதாரர் படத்தில் இல்லை. சருகு மட்டும் உள்ளது' என்று எழுதி முத்திரை குத்தினார்.

"விடு தங்கச்சி, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றார் பெரியகருப்பு.

"எனக்கு அடுத்த வாரம் அண்ணே" என்றாள் பொட்டழகி, தன் வயிற்றைப் பார்த்து.

மறுநாள் உச்சிவெயிலில் செந்நாய் கண்ணயர்ந்த நேரம். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொட்டழகி ஒரு தப்புச் செய்யத் துணிந்தாள். வேலிக்கடியில் நுழைந்து, ஒரே ஒரு கொள்ளு இலையை நோக்கிக் கழுத்தை நீட்டினாள்.

"எவ அவ?" என்று செந்நாய் எழுந்தது.

பொட்டழகி ஓடினாள். தோட்டத்தின் நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு கம்பிவலைக் கூண்டு இருந்தது. அதன் அடியில் ஒரு சந்து. வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே புகுந்து அசையாமல் நின்றாள். செந்நாய் வந்தது, பயிர்களை எண்ணியது. தினமும் அது ஒவ்வோர் இலையையும் எண்ணும். வெளியே ஓர் இலைகூடக் குறையவில்லை. கூண்டுக்குள்ளே எட்டிப் பார்த்தது.

"சருகு" என்று சொல்லிவிட்டுப் போனது.

கூண்டுக்கு ஒரு காரணம் உண்டு. அதற்குள் யாரும் மேயக் கூடாது, வெளியே மேயலாம். பிறகு உள்ளேயும் வெளியேயும் பயிரின் உயரத்தை அளந்தால், விலங்குகள் எவ்வளவு தின்றன என்று தெரியும். யாரும் மேயக் கூடாத இடமென்பதால் அங்கே யாரும் மேய்வார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. ஆகவே அங்கிருந்த இலைகளை யாரும் எண்ணவும் இல்லை.

மூக்கில் ஒரு காராமணிக் கொழுந்து உரசியது. குட்டி உதைத்தது. பொட்டழகி கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள்.

ஆறு நாள். ஏழாம் நாள் கூண்டுக்குள் பயிர் ஒரு விரல்கடை உயரம்தான் இருந்தது. பொட்டழகியின் வயிறோ சந்துக்குள் நுழையாத அளவு பெருத்திருந்தது. வெளியே போக முடியவில்லை. அன்றைக்கென்று பார்த்துத் தலைமையகத்திலிருந்து ஆய்வுக்கு நாரை மேடம் பறந்து வந்து இறங்கினார். வரிசையில் நின்றவர்களெல்லாம் வேலியோரம் கூடிவிட்டார்கள்.

ஈட்டியப்பன் அளந்தார். கூண்டுக்கு வெளியே மூன்று அடி. உள்ளே ஒரு விரல்கடை. மறுபடி அளந்தார்.

"படிவத்தைப் படிங்க" என்றார் நாரை மேடம்.

படிவம் முன்பே அச்சடித்தது. ஈட்டியப்பனுக்கு அச்சில் இருப்பதை மாற்றும் வழக்கமில்லை.

"மேய்ந்த இடம், மூன்று அடி. மேயாத இடம், ஒரு விரல்கடை."

நாரை மேடம் ஒற்றைக் காலில் நின்று யோசித்தார். மற்றக் காலுக்கு மாறி மறுபடி யோசித்தார்.

"அப்படின்னா, மேய்ஞ்சா பயிர் வளருது. மேயலைன்னா செத்துப்போகுது!"

"ஐயோ மேடம், நாங்க யாருமே மேயலையே!" என்று கத்தினார் பெரியகருப்பு.

"உங்க மனு நிலுவையில இருக்கு. நிலுவையில இருக்கிறவங்க பேசக் கூடாது" என்றார் ஈட்டியப்பன்.

நாரை மேடம் கழுத்தை வளைத்துக் கூண்டுக்குள் பார்த்தார். "அங்க மூலையில என்ன?"

பொட்டழகி மூச்சை நிறுத்தினாள். ஈட்டியப்பன் குனிந்தார். இரண்டு பெரிய கண்கள் அவரைப் பார்த்துக் கெஞ்சின. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால், படத்தில் இருப்பது சருகு என்று முத்திரை குத்தியவர் அவர்தான்.

"சருகு மேடம். கோப்புலயே அப்படித்தான் இருக்கு."

அந்நேரம் பார்த்துப் பொட்டழகிக்கு விக்கல் வந்தது.

"சருகு ஏன் விக்குது?"

"காத்து மேடம்."

இலைகூட அசையாத அந்த மத்தியானத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

உடனே உத்தரவு பிறந்தது. பயிரைக் காப்பாற்ற எல்லா விலங்குகளும் போர்க்கால அடிப்படையில் மேய வேண்டும். சான்று கேட்பவர்மேல் நடவடிக்கை. செந்நாய் கதவைத் திறந்துவிட்டு, ஒதுங்க மறந்து, கூட்டத்தின் காலடியில் மாட்டியது. மான்கள் துள்ளின. பெரியகருப்பு தலையையும் வயிற்றையும் ஒரேயடியாகக் கம்புக்குள் நுழைத்தார். மூன்றாம் நாளே, "நேற்று நீங்கள் குறைவாக மேய்ந்துள்ளீர்கள்" என்று முயல்களுக்கு நினைவூட்டுக் கடிதம் போயிற்று.

நலிந்த கூண்டைக் காப்பாற்றவும் முழுநேர மேய்ச்சல் பணியிடம் ஒன்று உருவானது. தகுதி: உள்ளேயே இருக்க வேண்டும். வேறு யாரும் மனுப் போடவில்லை. பொட்டழகி தன் பழைய படத்தையே கொடுத்தாள்.

"படம் ரொம்பத் தெளிவா இருக்கும்மா" என்றார் ஈட்டியப்பன்.

அடுத்த வாரம் பதிவேட்டை நிரப்ப வந்தவர் கூண்டை எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, இருப்பதிலேயே மெல்லிய முள்ளை வலிக்காமல் பிடுங்கி எழுதினார்:

'கூண்டுக்குள் சருகு: பெரியது ஒன்று, சிறியது ஒன்று.'

நீதி: அனுமதி கேட்கும் இடத்தில் ஓர் இலையையும் தொடாதே, அனுமதியே இல்லாத இடத்தில் அடிவரை மேய்ந்துவிடு. முன்னது திருட்டு, பின்னது ஆராய்ச்சி.